சப்பட்டைச் சூரியன்

வேலு மச்சான், இன்றைக்கும் காலையில் கடை ஷட்டரைத் தூக்கிவிட்டுக் கிழக்கே பார்த்தேன். போடி ஊருக்குள் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது, உங்களுக்கே தெரியும். கட்டடங்களுக்கு மேலே வரும்போது சூரியன் உருண்டையாகத்தான் வருகிறது. ஆனாலும் பார்க்கிறேன். நீங்கள் போன் பண்ணிக் கேட்டால் சொல்ல வேண்டுமே என்று ஒரு நினைப்பு.

தம்பிகளா, இது உங்களுக்காக எழுதுவதுதான். அவரைக் கூப்பிடாமல் எனக்கு ஆரம்பிக்க வரவில்லை.

ஆயுத பூசைக்கு நம் ஜீப் ஸ்டாண்டில் புதுசாகச் சேர்ந்திருக்கிற டிரைவர்களுக்கு நாலு வார்த்தை சொல் என்று கேட்டார்கள். எனக்கு வயது இருபத்தாறு. இந்த வயதில் ரிட்டயர் ஆனவன் மாதிரி அறிவுரை சொல்ல வந்துவிட்டான் என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் நான் வண்டி ஓட்டுவதை விட்டவன்தான். எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, கிளீனராக ஏறி, ராசிங்காபுரத்திலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பை ஓட்டினேன். போன மார்கழியோடு இறங்கிவிட்டேன். இப்போது டயர் கடையில் பஞ்சர் பார்க்கிறேன். மைக்கில் பேச வராது. அதனால் எழுதிக் கொடுக்கிறேன். யாராவது வாசியுங்கள்.

கிளட்ச், கியர், பிரேக் பற்றி நான் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்குக் கை பழகிவிடும். சூரியனைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

நம் ஸ்டாண்டில் ‘சப்பட்டை’ என்று ஒரு வார்த்தை இருந்தது. இப்போது யாரும் சொல்வதில்லை. மலையில் பாதிக்கு மேல் ஏறிய பிறகு, ஒரு வளைவில் வண்டி திரும்பும்போது தேனிப் பக்கம் முழுக்கக் கீழே விரிந்து கிடக்கும். விடிகிற நேரம் அங்கே போய்ச் சேர்ந்தால் சூரியன் வருவது தெரியும். எப்போதும் ஒரே மாதிரி வராது. சில நாள் உருண்டையாக வரும். சில நாள் மேலேயும் கீழேயும் அமுக்கிய மாதிரி, கல்லில் ஊற்றிய ஊத்தப்பம்போல அகலமாக வரும். ரொம்ப மோசமான நாளில் படிப்படியாக வெட்டுப்பட்டு, அடியில் ஒரு துண்டு தனியாகக் கழன்று நிற்கும். அதுதான் சப்பட்டை.

சப்பட்டை வந்தால் மலையில் ரோட்டையே மறைக்கிற பனி ஏறப்போகிறது என்று அர்த்தம். அதனால் முதல் வண்டிக்காரனுக்கு ஒரு பொறுப்பு இருந்தது. அந்த வளைவில் ஒதுக்கி நிறுத்தி, சூரியனைப் பார்த்துவிட்டு, கீழே மலையடிவாரத்து முந்தலில் நிற்கிற வண்டிகளுக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும். முந்தலில் இருப்பவர்களுக்கு அடிவாரத்து மூட்டத்தில் எதுவும் தெரியாது. மேலே இருப்பவன் சொன்னால்தான் உண்டு. சப்பட்டை என்று சொல்லிவிட்டால், சூரியன் முழு வட்டமாகி வெயில் உறைக்கிற வரைக்கும் யாரும் வண்டியை எடுக்க மாட்டார்கள். இதை யார் ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. நான் கிளீனராக வந்தபோதே இருந்தது.

முதல் வண்டி எப்போதும் வேலு மச்சானுடையது. என் அக்கா மாரியைக் கட்டியவர். அதற்கு முன்பே எனக்கு அவர் கூட்டாளி. சொந்தத்துக்கு நான் மாப்ளே, அவர் மச்சான். ஸ்டாண்டில் ஒரு டீயை இரண்டு கிளாஸில் ஊற்றிக் குடிப்போம்.

அவருக்குச் சூரியன்மேல் ஒரு கிறுக்கு. சட்டைப் பையில் எப்போதும் ஒரு பச்சை ஏலக்காய் கிடக்கும். கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, காயைச் சூரியனுக்கு நேரே பிடிப்பார். சாயங்காலம் மேற்கே பூப்பாறைப் பக்கம் சூரியன் இறங்கும்போது பெரிய சிவப்புத் தாம்பாளம் மாதிரி இருக்கும் இல்லையா, அதையும் அந்தக் காய் மறைத்துவிடும். மத்தியானம் மேகத்துக்குள் வெள்ளையாகச் சின்னதாகத் தெரிகிற சூரியனையும் அதே காய்தான் மறைக்கும். “ரெண்டும் ஒரே சைசுதான் மாப்ளே. நம்ம கண்ணுதான் மலையையும் மரத்தையும் பக்கத்துல வச்சுப் பாத்து ஏமாந்துக்கிருது” என்பார். சப்பட்டை நாளில் காயைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, சூரியனின் உயரம் எவ்வளவு, அகலம் எவ்வளவு என்று பார்ப்பார். அகலத்துக்கும் உயரத்துக்கும் ரொம்ப வித்தியாசம் இருந்தால் உடனே போனை எடுத்துவிடுவார்.

இதற்கெல்லாம் காரணம் எங்களுக்கு ஒரு டீச்சர் சொல்லித்தான் தெரியும். மலைமேல் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர். பஸ் வராத நாளில் எங்கள் ஜீப்பில் முன் சீட்டில் ஏறிக்கொள்வார். ஒரு நாள் மச்சான் அவரிடம் கேட்டார். தண்ணீர்த் தொட்டிக்குள் குச்சியை விட்டால் வளைந்து தெரிகிற மாதிரி, வெளிச்சமும் காற்றுக்குள் நுழையும்போது வளையும் என்று டீச்சர் சொன்னார். தரையை ஒட்டின காற்று அடர்த்தி, மேலே போகப் போக மெலிசு. சூரியனின் கீழ் விளிம்பு அடர்த்தியான காற்று வழியாக வருகிறது, அதனால் அது அதிகமாகத் தூக்கிக் காட்டப்படுகிறது. மேல் விளிம்பு அவ்வளவு தூக்கப்படுவதில்லை. அதனால்தான் அமுங்கித் தெரிகிறது. குளிர்காலத்தில் ராத்திரியில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கி, அதற்குமேல் சூடான காற்று மூடி போட்டாற்போல் நிற்கும். அப்போது இன்னும் தாறுமாறாக வளைந்து துண்டு துண்டாகத் தெரியும். அந்த மூடிக்கு அடியில்தான் பனியும் சிக்கிக் கிடக்கும். வெயில் பட்டதும் சரிவைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும். எங்களுக்குப் பாதி தெரிந்தது, மீதியை அவர் சேர்த்துக் கொடுத்தார்.

அதோடு இன்னொன்றும் சொன்னார். சூரியன் அடிவானத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி நாம் பார்க்கும்போது, உண்மையில் அது ஏற்கெனவே கீழே போயிருக்கும். காற்றுதான் அதைத் தூக்கிப் பிடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறது.

மச்சான் வண்டியின் வேகத்தைக் குறைத்துவிட்டார்.

“அப்ப இல்லாத சூரியனையா டீச்சரம்மா நாங்க தெனம் பாத்துக்கிருக்கோம்?”

ஆமாம் என்றார் டீச்சர். காலையிலும் அப்படித்தான், வருவதற்கு முன்பே வந்த மாதிரித் தெரியும் என்றார்.

“அது தோட்டத்துச் சூப்பர்வைசர் மாதிரி. ஆளு வர்றதுக்கு முன்னாடியே சத்தம் வந்துரும்” என்றார் மச்சான். பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். மச்சான் மட்டும் அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் இறங்கும்போது என்னிடம், இனிமேல் சூரியன் நிற்கிறது என்று நம்பி எதையும் செய்யாதே என்றார்.

அவர் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. மேலே கேரளா எல்லைக்கு அந்தப் பக்கம் நிற்கும்போது மேற்கே சூரியன் ஒரு விரல் உயரம் இருக்கிற மாதிரி இருக்கும். இன்னும் நேரம் கிடக்கிறது என்று டீக்கடையில் உட்காரத் தோன்றும். மலையுச்சியில் போடிமெட்டைத் தாண்டி நம் பக்கம் திரும்பினால் மலையின் நிழல் எப்போதோ விழுந்து, கீழ் வளைவுகள் எல்லாம் கறுத்துப்போயிருக்கும். அப்படித்தான் வேறு ஸ்டாண்டுக்காரர் ஒருவர் சூரியனை விரலால் அளந்துவிட்டு, ஒரு பக்க ஹெட்லைட் போன வண்டியில் ஆள் ஏற்றிவிட்டார். வெளிச்சத்திலேயே இறங்கிவிடலாம் என்று கணக்கு. இரண்டாவது வளைவிலேயே இருட்டு. மச்சான்தான் அவரை முன்னால் விடாமல், தன் வண்டியை முன்னே ஓட்டி, அவர் வண்டிக்கும் சேர்த்து வெளிச்சம் காட்டிக் கீழே கூட்டி வந்தார். கீழே வந்ததும் திட்டவில்லை. “அண்ணே, நீங்க அளந்த சூரியன் அப்பவே செத்துப்போச்சு” என்று மட்டும் சொன்னார். அதைச் சொல்லிச் சொல்லியே நாங்கள் பல நாள் சிரித்தோம். இப்போது எனக்கு அது சிரிப்பாக இல்லை.

சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குப் போகப் போகத் தெரியும். ஒரு தை மாதம் மேலேயிருந்து மச்சான் சப்பட்டை என்றார். நான் முந்தலில் வண்டியை ஓரம் கட்டினேன். வண்டி முழுக்கப் பெண்கள். ஏலக்காய் எடுப்பு மும்முரமான நேரம், பிந்திப் போனால் தோட்டத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அன்றைய கூலி போச்சு. கொஞ்ச நேரம் பொறுத்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராக ஆரம்பித்தார்கள். உனக்குப் பயமாக இருந்தால் ஸ்டீயரிங்கை எங்களிடம் கொடு என்றது ஒரு ஆத்தா. நான் அசையவில்லை. கடைசியில் மேலே போனபோது ரோடு கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. பனி ஏறவே இல்லை. தோட்டத்தில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்கு வசவுதான்.

அன்று மச்சானிடம் கோபமாகப் போனேன். உங்கள் பேச்சைக் கேட்டு என் மானம் போச்சு என்றேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “நின்னதுக்குச் சாட்சி கெடைக்காது மாப்ளே. போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு யாரும் பாக்கப் போறதில்ல. வஞ்சுட்டுப் போகட்டும். வையிறதுக்கு ஆளு இருக்குல்ல.”

தம்பிகளா, இந்தத் தொழிலில் நான் கேட்ட பேச்சிலேயே பெரிய பேச்சு இதுதான். திட்டுவதற்கு அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி மார்கழிக்கு வருகிறேன். எழுதக் கை ஓடவில்லை, இருந்தாலும் இதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அன்று மச்சான் வழக்கம்போல முதல் வண்டி. நான் முந்தலில் டீ வாங்கிக்கொண்டு நின்றேன். என் பின்னால் இன்னும் மூன்று நாலு ஜீப்புகள். போன் வந்தது.

“மாப்ளே, சப்பட்டைடா. மூணு துண்டா ஒடஞ்சு வருது, இப்பிடி நான் பாத்ததே இல்ல. எடுக்காத. பின்னாடி நிக்கிறவங்களையும் விட்றாத.”

சரி மச்சான் என்றேன். நீங்கள் வெரசா மேலே ஏறிவிடுங்கள் என்றேன். எப்போதும் முதல் வண்டி பனிக்கு முன்னால் ஏறித் தப்பித்துவிடும். அதனால் அப்படிச் சொன்னேன்.

“மேல இருந்தும் எறங்குதுடா. எல்லைக்கு அங்கிட்டு இருந்து பனி வழிஞ்சு வருது. நடுவுல மாட்டிக்கிட்டேன். ஆத்தாமாரை எல்லாம் எறக்கி, மலைச் சுவரோட நிக்க வச்சுட்டேன். நீ கீழ பாத்துக்க. நான் மேல கொஞ்சம் நடந்து போய், வர்ற வண்டியை… இரு, ஏதோ சத்தம் வருது. இரு.”

நான் இருந்தேன். காதிலேயே போனை வைத்துக்கொண்டு இருந்தேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை.

அங்கே என்ன நடந்தது என்று அவர் வண்டியில் போன செல்வக்கா எனக்குச் சொன்னது இது. எல்லோரையும் சுவரோரம் ஒருவர் பின்னால் ஒருவராக நிற்க வைத்துவிட்டு, சீட்டில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்துக்கொண்டு மேல் பக்கம் நடந்திருக்கிறார். வளைவுக்கு முன்பே வண்டிகளை நிறுத்தினால்தானே ஜீப்பும் ஆட்களும் தப்பிக்க முடியும். ஒரு கையில் துண்டு, ஒரு கையில் போன். மேலேயிருந்து ஒரு சரக்கு வேன் வந்தது. கீழே இறங்குகிற வண்டிக்குச் சூரியன் நேர் எதிரே. பனிக்குள் அந்த வெளிச்சம் பட்டால் கண்ணாடி முழுக்கச் சிவப்புத்தான், ரோடு தெரியாது. மச்சான் துண்டை வீசிக் கத்தியிருக்கிறார். வேன்காரர் கடைசி நேரத்தில் பார்த்து பிரேக் அடித்து ஸ்டீயரிங்கை ஒடித்தார். ஜீப்பில் மோதவில்லை. சுவரோரம் நின்ற ஒருத்திக்கும் ஒரு கீறல் இல்லை. மச்சான் மட்டும்தான் வேனுக்கு முன்னால் இருந்தார்.

“எங்களை ஒட்டி நிக்கச் சொல்லிட்டு, அது மட்டும் தள்ளிப் போய் நின்னுச்சு தம்பி” என்றார் செல்வக்கா.

முந்தலில் நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். மேலேயிருந்து வேறொருவர் போன் பண்ணித்தான் மச்சான் போய்விட்ட தகவல் தெரிந்தது. நான் நிமிர்ந்து பார்த்தபோது மூட்டம் விலகிச் சூரியன் தெரிந்தது. முழு வட்டமாக, எதுவுமே நடக்காத மாதிரி.

வேன்காரர் கேரளாக்காரர். வயதானவர். அன்று ரோட்டில் உட்கார்ந்து, மோனே, மோனே என்று சொந்த மகனைக் கூப்பிடுகிற மாதிரி அழுதுகொண்டிருந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. விசாரித்தவர்களிடம் அவர் தான் கண்டதைச் சொன்னார். கையில் போனோடு ஒரு ஆள் ரோட்டில் நின்றார் என்றார். அது பொய்யில்லை. ஆனால் அது பாதிதான். அந்தப் பாதி மட்டும் ஊருக்குள் இறங்கி வந்துவிட்டது. போன் பேசிக்கொண்டு நடுரோட்டில் நின்று செத்தவன் என்று ஆகிவிட்டது. ஸ்டாண்டில் மலை ஏறும்போது போனையே தொடக் கூடாது என்று சட்டம் வந்தது. வண்டி ஓட்டிக்கொண்டே பேசக் கூடாது என்பது சரியான சட்டம், நானும் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் அதோடு சேர்த்து முதல் வண்டிக்காரன் ஒதுக்கி நிறுத்திச் சொல்கிற வழக்கமும் போய்விட்டது. சப்பட்டை என்ற வார்த்தையும் போய்விட்டது. புதுசாக வந்த நீங்கள் வேறொரு வார்த்தை கண்டுபிடித்தீர்கள். போன் வேலு.

உங்களில் ஒரு தம்பிக்கு, பேர் சொல்ல மாட்டேன், ஆடி மாதம் ஒரு காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும்போது போன் அடித்திருக்கிறது. எடுக்கவில்லை. நல்லதுதான். எடுக்காமல் பின்னால் திரும்பி, “போன் வேலு கதை நமக்கு வேணாம்ப்பா” என்று சிரித்திருக்கிறீர்கள். இரண்டொரு பேர் சேர்ந்து சிரித்திருக்கிறார்கள். கடைசி சீட்டில் என் அக்கா மாரி உட்கார்ந்திருந்தது. மச்சான் போன பிறகு அதுவும் காய் எடுக்கப் போகிறது. அது யார் என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டீர்கள், அது எனக்குத் தெரியும்.

அக்கா சாயங்காலம் வரைக்கும் காய் எடுத்துவிட்டு, அதே ஜீப்பில் இறங்கி, நேராக என் கடைக்கு வந்தது. நான் டயருக்குக் காற்று பிடித்துக்கொண்டிருந்தேன். மோட்டார் சத்தம் நிற்கிற வரைக்கும் நின்று, ஜீப்பில் நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேட்டது.

“ஏன்டா, அவரு கடைசியா உன்கிட்டதான பேசுனாரு?”

ஆமாம் என்றேன்.

“கீழ இருந்தவங்க அம்புட்டுப் பேரும் அதனாலதான நின்னாங்க?”

ஆமாக்கா என்றேன்.

“அந்தப் பயலுகளுக்கு அது தெரியாது. தெரிஞ்சவன் நீ. எனக்கு யாரும் சோறு போட வேணாம், அழுக வேணாம். அவரு பேருக்கு முன்னாடி ஒட்டியிருக்குல்ல ஒரு வார்த்தை, அதை எடுத்துக் குடுத்துரு. போதும்.”

சொல்லிவிட்டு முந்தானையில் முடிந்திருந்த எதையோ அவிழ்த்து என் கையில் வைத்தது. மச்சான் சட்டைப் பையில் இருந்த ஏலக்காய். பச்சை போய்ச் சுருங்கிவிட்டது. வாசம் மட்டும் இருக்கிறது. இதை நீட்டிப் பிடித்தால் இப்போது சூரியன் ஓரத்தில் பிதுங்கித் தெரிகிறது. காய் சின்னதாகிவிட்டது.

தம்பிகளா, நான் கேட்பது மூன்று விஷயம். முதல் வண்டி எடுப்பவர் அந்த வளைவில் ஒதுக்கி நிறுத்தி, கிழக்கே பாருங்கள். சப்பட்டையாக இருந்தால் கீழே சொல்லுங்கள். நின்றுகொண்டு சொல்வதில் தப்பு இல்லை. இரண்டாவது, மாட்டிக்கொண்டால் முதலில் ஆட்களை இறக்குங்கள், வண்டியைப் பற்றி அப்புறம் யோசியுங்கள். ஆனால் எதிரே போய் நிற்காதீர்கள். சுவரோடு நின்று துண்டை வீசுங்கள். மச்சான் செய்த எல்லாவற்றையும் செய்யுங்கள், அந்த ஒன்றைத் தவிர. உங்களுக்கும் வீட்டில் ஆள் இருக்கிறது.

மூன்றாவது, இன்றைக்கு வண்டிகளுக்குப் பொட்டு வைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் கொளுத்துவீர்கள். என் அக்கா ஸ்டாண்டு ஓரத்தில்தான் நின்றுகொண்டிருக்கும். நானும் நிற்பேன். சூடம் எரிகிற நேரத்தில் எல்லோரும் கண்ணை மூடி, அவருக்கு நல்ல கதி கிடைக்க வேண்டும், அவர் மறுபடி பனிக்குள் நிற்கக் கூடாது என்று உங்கள் உங்கள் சாமியிடம் வேண்டிக்கொள்ளுங்கள். பேரை வாய்விட்டே சொல்லுங்கள், அக்கா காதில் விழட்டும். வேலு என்று மட்டும் சொல்லுங்கள்.